வன்னியில் புதிதாய்க் குடிவருவோருக்கு: வெக்கையும் கரண்ட் பில்லும் குறைய எதை முதலில் செய்வது

வன்னியில் வீட்டுத்திட்ட வீட்டிலோ வாடகை வீட்டிலோ புதிதாய்க் குடியேறுகிறவர்கள் முதல் சித்திரையில் இன்னொரு ஃபான் வாங்குவார்கள். இரண்டாம் சித்திரையில் ஏ.சி விலை விசாரிப்பார்கள். இரண்டுமே ஒழுங்கு தவறிய செலவு. கூரையிலிருந்து வெக்கை இறங்கிக்கொண்டிருக்கும்வரை எந்த ஃபானைப் போட்டாலும் சுடுகாற்றுத்தான் அடிக்கும், மீற்றர் மட்டும் ஓடும். கீழே உள்ளவற்றைச் சொன்ன ஒழுங்கிலேயே செய்யுங்கள். காசு செலவில்லாதவை முன்னுக்கு இருக்கின்றன, பெரிய செலவுகள் கடைசியில் வருகின்றன.

1. சாமான் இறக்குமுன் கணக்கைப் பாருங்கள்

வீட்டு மீற்றரின் கணக்கிலக்கம் பழைய பில்லில் இருக்கும். அதைக் கொண்டு நிலுவை இருக்கிறதா என்று மின்சார சபை அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 1987க்கு எடுத்துக் கேளுங்கள். முன்னிருந்தவர் விட்டுப்போன நிலுவைக்குத் துண்டிக்கப்படப்போவது நீங்கள் குடியிருக்கிற வீட்டின் கரண்ட்தான்.

வீடு உங்களுடையது, ஆனால் கணக்கு பழைய சொந்தக்காரர் பெயரிலோ இறந்துபோன தகப்பன் பெயரிலோ கிடக்கிறது என்றால் இப்போதே மாற்றுங்கள். பின்னால் சோலர் போட விண்ணப்பிக்கும்போது இதில்தான் மாதக்கணக்கில் இழுபடும். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கடைசியாய்க் கட்டிய பில், கிராம அலுவலர் கடிதம் ஆகிய நான்கையும் ஒரு கோவையில் போட்டுக்கொண்டு போங்கள். அதற்குமேலும் கேட்பார்களா என்று முதல் நாளே விசாரித்தால் இரண்டாம் முறை பஸ் ஏறத் தேவையில்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால் அவருடைய அற்றோனித் தத்துவம் இல்லாமல் பெயர் மாற்றத்துக்குப் போவது வீண் அலைச்சல்.

2. பில்லில் 60 என்கிற கோட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

வீட்டுப் பாவனைக்கான கட்டணம் 30, 60, 90, 120, 180 யூனிற் என்று அடுக்கடுக்காய் ஏறுகிறது. விலை அடிக்கடி மாறும். அதனால் ரூபாயை இங்கே எழுதாமல் விடுகிறோம். உங்கள் கடைசி பில்லில் இருப்பதே சரியான விலை. விளங்கிக்கொள்ள வேண்டியது அடுக்கு வேலை செய்கிற விதம்.

60 யூனிற்றுக்குள் நின்றால் முதல் 30க்கு ஆகக் குறைந்த விலை, அடுத்த 30க்கு அதைவிடச் சற்றுக் கூடிய விலை. 61ஆவது யூனிற்றைத் தொட்டதும் அந்த ஒன்றுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60ம் சேர்ந்து வேறொரு கூடிய விலைக்குப் போய்விடுகிறது. மாதாந்த நிலையான கட்டணமும் பாய்கிறது. அந்த மாதத்தில் ஆக விலை கூடிய யூனிற் அந்த 61ஆவதுதான்.

மீற்றர் பார்க்கிறவர் நாலு நாள் பிந்தி வந்ததால் கோடு தாண்டிவிட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள். அடுக்கு நாள் கணக்கில்தான் போடப்படுகிறது: ஒரு நாளுக்கு 2 யூனிற் என்றால் 30 நாளுக்கு 60, 34 நாளுக்கு 68. ஆகவே நீங்கள் மனதில் வைக்கவேண்டியது நாளுக்கு 2 என்பதைத்தான்.

பிரிட்ஜ் இல்லாத வீடு இதற்குள் தாராளமாய் நிற்கும். பிரிட்ஜ் உள்ள வீடு 60க்குள் நிற்பது கயிற்றில் நடக்கிற மாதிரி, ஆனால் முடியும். 90க்குள் நிற்பது இந்த வழிகளில் பாதியைச் செய்தாலே கைகூடும்.

3. எது தின்னுகிறது என்று மீற்றரிடமே கேளுங்கள்

புதிய மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்குச் சிமிட்டும். ஓர் யூனிற்றுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீற்றரின் முகத்திலேயே அச்சடித்திருக்கும். 1600 என்று இருந்தால் கணக்கு லேசு: 2250ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடையிலான விநாடியால் வகுங்கள். வருவது அந்த நேரத்தில் ஓடுகிற வாற். 30 விநாடிக்கு ஒருமுறை என்றால் 75 வாற், அதாவது ஒரு பழைய சீலிங் ஃபான். 2 விநாடிக்கு ஒருமுறை என்றால் ஆயிரத்துக்கு மேல். எங்கேயோ அயர்ன்பெட்டியோ மோட்டரோ ஓடுகிறது. உங்கள் மீற்றரில் வேறு எண் இருந்தால் 36 இலட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, 2250க்குப் பதிலாக அதைப் பாவியுங்கள்.

இரவு படுக்குமுன் ஃபான், லைற், பிரிட்ஜ், டீவிப் பெட்டி எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றுங்கள். மெயின் சுவிச்சை மட்டும் போட்டபடி விட்டு, பத்து நிமிடம் மீற்றரைப் பாருங்கள். சிமிட்டக்கூடாது. சிமிட்டினால் இரண்டில் ஒன்று: நீங்கள் மறந்த ஏதோ ஒன்று ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. வன்னியில் கசிவுக்குப் பேர்போன இடம் கிணற்றடி. மோட்டருக்குப் போகிற வயர் வேலிக் கதியாலில் சுற்றிக்கட்டி, இடையில் ரேப் ஒட்டிய மூட்டோடு கிடக்கும். மாரி மழையில் அந்த மூட்டு நனைந்தால் கசியும்.

கசிவு 30 மில்லி அம்பியரைத் தாண்டினால் ட்ரிப் சுவிச் விழவேண்டும். அது அடிக்கடி விழுகிறது என்று சொல்லி அதைச் சுற்றி வயரைக் கொடுத்துவிடுகிற இலக்ரீசியன்மார் இருக்கிறார்கள். அப்படிச் செய்யச் சொன்னாலும் விடாதீர்கள். அது மிச்சம்பிடிக்கிற வேலை அல்ல, ஆளைக் கொல்கிற வேலை. விழாத அளவுக்குச் சிறிதாய் 20 மில்லி அம்பியர் கசிந்தாலும் மாதம் 3 யூனிற் சும்மா போகும்.

4. கூரை

செலவழிக்க ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது என்றால் அதைக் கூரையில் போடுங்கள். நடுப்பகலில் தகரமும் அஸ்பெஸ்ரஸ் சீற்றும் கைவைக்க முடியாதபடி கொதிக்கும். அந்தச் சூடு கதிராய் நேரே கீழே இருப்பவரின் தலைக்கு இறங்கும். காற்றடித்தாலும் போகாது.

ஆக மலிவானது வெள்ளை அடிப்பது. காலம் முக்கியம். மாரி ஓய்ந்து பாசி காய்ந்த மாசி, பங்குனிதான் சரியான நேரம். சித்திரை நடுவில் சூரியன் கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு நேர் உச்சியில் வந்துவிடும், அதற்குமுன் வேலை முடிந்திருக்கவேண்டும். காலை ஆறிலிருந்து பத்துக்குள் அடியுங்கள். சுட்ட சீற்றில் பூசினால் பெயின்ற் பிடிக்குமுன்னே காய்ந்து, அடுத்த மாரியில் தோல் உரிகிற மாதிரி உரியும்.

அளவில்தான் எல்லாரும் பிழைக்கிறார்கள். வீடு 550 சதுர அடி என்று பெயின்ற் வாங்குவார்கள், அரைவாசியில் முடிந்துபோகும். 22க்கு 25 அடி வீட்டுக்குச் சுற்றிவர 2 அடி தாழ்வாரம் சேர்த்தால் 26க்கு 29. சரிவையும் சீற்றின் வளைவையும் கூட்டினால் பூசவேண்டிய பரப்பு 900 சதுர அடிக்குக் குறையாது. அதை இரண்டு கோட் என்று இரட்டித்து, வாளியில் எழுதியிருக்கிற பரப்பளவால் வகுத்து வாங்குங்கள். உள்ளே சுவருக்கு அடிக்கிற பெயின்ற் வேண்டாம்; கூரைக்கென்று விற்கிற, ரப்பர் மாதிரி இழுபடுகிற வெள்ளைப் பெயின்ற்தான் வெயிலுக்கு வெடிக்காமல் நிற்கும்.

சுண்ணாம்பு மலிவு. அஸ்பெஸ்ரசிலும் கொங்கிறீற்றிலும் அடிக்கலாம், ஒரு மாரியோடு கழுவுண்டு போகும், வருடாவருடம் அடிக்கவேண்டும். நாகம் பூசிய தகரத்தில் சுண்ணாம்பு அடிக்காதீர்கள், நாகத்தை அரித்துத் துருவுக்கு வழிவிடும். துருப்பிடித்த தகரம் என்றால் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு ஒன்று அடித்த பிறகே வெள்ளை.

அஸ்பெஸ்ரஸ் சீற்றில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று: பாசியைக் கம்பித் தூரிகையால் உலரச் சுரண்டக்கூடாது, அழுத்தத் தண்ணீர் பீச்சவும் கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீரால் நன்றாய் நனைத்து, மெல்லிய தும்புத்தடியால் தேயுங்கள். இரண்டு: சீற்றின் நடுவில் கால் வைக்காதீர்கள். ஆணி வரிசை தெரிகிற இடத்தில்தான் கீழே மரம் இருக்கிறது. அந்த வரிசைகளுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, பலகையில் நின்று அடியுங்கள். பழைய சீற் சத்தமில்லாமல் உடையும்.

மழைநீர்த் தொட்டிக்குப் பீலி வைத்திருக்கிற வீடு என்றால், பெயின்ற் அடித்தபின் வருகிற முதல் இரண்டு மூன்று மழைக்குப் பீலிக்குழாயைக் கழற்றி வெளியே விடுங்கள்.

அடுத்தது சீலிங். சீலிங் அடிக்கிறவர்கள் செய்கிற பெரிய பிழை, கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் காற்றுப் போக வழி விடாமல் நாலு பக்கமும் மூடிவிடுவது. பகல் முழுக்க அங்கே அடைபட்ட சூடு, நீங்கள் படுக்கிற நேரத்தில் கீழே இறங்கும். முக்கோணச் சுவர் இரண்டிலும் எதிரெதிரே ஓர் அடிக்கு ஓர் அடி ஓட்டை விட்டு, அணிலும் வௌவாலும் போகாதபடி கம்பிவலை அடியுங்கள். மேலே அலுமினியத் தாள் விரிக்கிறீர்கள் என்றால் மினுங்குகிற பக்கம் கீழே பார்க்கவேண்டும், அதற்கு முன்னால் ஓர் அங்குலமாவது வெறும் காற்று இருக்கவேண்டும். தகரத்தோடு ஒட்டி ஆணியடித்த தாள் வேலைக்காகாது. மினுக்கம் மேலே பார்த்தால் ஆறு மாதத்தில் செம்மண் தூசி மூடிவிடும்.

சீற்றின்மேல் கிடுகு வேய்வது நல்ல குளிர்ச்சி. சோளகத்துக்கு (தென்மேற்குக் காற்றுக்கு) இறுக்கிக் கட்டவேண்டும், இரண்டு வருடத்துக்குள் மாற்றவேண்டும், குசினிப் புகைபோக்கிப் பக்கம் போடவே கூடாது. ஓட்டு வீட்டுக்குப் பெயின்றும் வேண்டாம் கிடுகும் வேண்டாம், காற்றோட்டமுள்ள சீலிங் போதும்.

5. சுவரும் யன்னலும் வளவும்

மேற்குச் சுவர்தான் எதிரி. பின்னேரச் சூரியன் தாழ இருப்பதால் தாழ்வாரத்தை எவ்வளவு நீட்டினாலும் மறைக்காது. அங்கே நிமிர்ந்து நிற்கிற மறைப்பு வேண்டும்: யன்னலுக்கு வெளியே ஓரடி தள்ளிப் பனையோலைத் தட்டி, அல்லது ஒரு பத்தி இறக்கி அதன் ஓரத்தில் பாகல், புடோல் பந்தல். உள்ளே தொங்குகிற திரைச்சீலை வெயில் அறைக்குள் வந்தபிறகுதான் தடுக்கும், பிரயோசனம் பாதிக்கும் குறைவு.

வடக்குப் பக்கம் வெயில் படாது என்று நினைத்து அந்தப் பக்கத் தாழ்வாரத்தைக் கட்டையாய் வெட்டிவிடுகிறார்கள். வன்னியில் சித்திரை நடுவிலிருந்து ஆவணிக் கடைசிவரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். 10 அடிச் சுவருக்கு இரண்டரை அடித் தாழ்வாரம் இருந்தால் ஆனி மாத உச்சி வெயிலும் சுவரில் படாது.

மரம் வைப்பது ஐப்பசி, கார்த்திகையில். மேற்கே சுவரிலிருந்து 15 அடி தள்ளி வேம்பு வையுங்கள். முருங்கை ஒரு வருடத்தில் எழும்பும், ஆனால் நிழல் ஐதாய் இருக்கும், சோளகத்துக்கு முறியும். உடனே நிழல் வேண்டும் என்கிறவர்களுக்கு வாழை: குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை மேற்குச் சுவர்ப் பக்கம் திருப்பி நாலு குட்டி வைத்தால் ஆறு மாதத்தில் சுவர் மறையும். கரண்ட் லைனுக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். வீட்டின் மேற்கு முற்றத்துக்குச் சீமெந்து போடுவதையும் ஒத்திவையுங்கள், இரவு எட்டு மணிவரை அது அனல் கக்கும்.

யன்னல்களைக் காலை ஒன்பதுக்கு மூடி, பொழுதுபட்டபின் திறவுங்கள். பகலில் திறந்துவைத்தால் வருவது வெளிச்சூடுதான். நுளம்பு வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். தூசி அடைத்த வலைக்குள்ளால் சோளகக் காற்றே நுழையாது.

6. கிணற்று மோட்டர்

1 குதிரைவலு மோட்டர் மணிக்கு ஏறத்தாழ 1.1 யூனிற் எடுக்கும். 1000 லீற்றர் தாங்கியை அரை மணியில் நிரப்பினால் அது பெரிய செலவே அல்ல. அதே தாங்கிக்கு இப்போது ஒரு மணி எடுக்கிறது என்றால் காரணம் தேடுங்கள்.

மோட்டரை நிற்பாட்டி ஒரு மணித்தியாலம் கழித்து, தண்ணீர் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் விளிம்புவரை நிற்கவேண்டும். இறங்கியிருந்தால் கிணற்றுக்குள் உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வ் கசிகிறது. பெரும்பாலும் சருகோ மணலோ சிக்கியிருக்கும், எடுத்துக் கழுவினால் சரி. தண்ணீர் நிற்கிறது, ஆனால் ஓட்டம் மெல்லிசு என்றால் கிணற்று மட்டத்தைப் பாருங்கள். நிலத்தில் இருக்கிற மோட்டர் 20, 25 அடிக்குக் கீழே இருந்து தண்ணீரை உறிஞ்சத் திணறும். ஆடி, ஆவணியில் மட்டம் இறங்கும்போது மோட்டரைக் கிணற்றுக்குள் ஒரு தட்டில் இறக்கி வைப்பது இதற்காகத்தான்.

பின்னேரம் ஆறரையிலிருந்து ஒன்பதரைவரை மோட்டர் போடாதீர்கள். எல்லா வீட்டிலும் லைற் எரிகிற நேரம், லைன் கடைசியில் இருக்கிற கிராமங்களுக்கு வோல்ற்றேச் விழும். 230இல் 6 வீதம் ஏற்ற இறக்கம் அனுமதி. அதாவது 216க்குக் கீழே போகக்கூடாது. வோல்ற்றேச் குறைந்தால் மோட்டர் கூட அம்பியர் இழுத்துச் சூடாகும், கம்பிச்சுற்று எரியும். தொடர்ந்து விழுந்தால் நேரத்தையும் அளவையும் ஒரு கிழமைக்கு எழுதிவைத்து முறைப்பாடு கொடுங்கள். "கரண்ட் குறைவு" என்று வெறும் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை.

தோட்டத்துக்கும் வீட்டு மீற்றரிலேயே இறைத்தால் 60 கோட்டை மறந்துவிடலாம். நாளுக்கு இரண்டு மணி என்றாலே மாதம் 66 யூனிற்.

7. ஃபான்

பழைய சீலிங் ஃபான் 75 வாற். நாளுக்கு 12 மணி ஓடினால் மாதம் 27 யூனிற். பி.எல்.டி.சி ஃபான் (தூரிகை இல்லாத மோட்டர் உள்ளது) 30 வாற்றளவில் அதே காற்றைத் தரும், மாதம் 11 யூனிற். இரண்டு ஃபான் மாற்றினால் 32 யூனிற் குறையும். விலை இரண்டு மடங்குக்கு மேல் வரும். அதனால் ஆகக் கூட நேரம் ஓடுகிற படுக்கையறை ஃபானை முதலில் மாற்றுங்கள். விருந்தினர் வந்தால் மட்டும் சுற்றுகிற விறாந்தை ஃபானை மாற்றுவது காசைக் கரைப்பது. பழைய ரெகுலேற்றரோடு பி.எல்.டி.சி ஃபானைப் பொருத்தாதீர்கள், உள்ளிருக்கிற சேக்கிற் பழுதாகும். ரிமோற்றால்தான் வேகம் மாற்றவேண்டும்.

பழைய ஃபான் மெல்லச் சுற்றுகிறது என்று எறியாதீர்கள். உள்ளே இருக்கிற கப்பாசிற்றர் செத்திருக்கும். சாதாரணமாய் 2.5 மைக்ரோஃபரட், புது ஃபானோடு பார்த்தால் விலை மலிவுதான். கழற்றியதில் எழுதியிருக்கிற அளவையே வாங்குங்கள்.

8. பிரிட்ஜ்

ஒற்றைக் கதவு பிரிட்ஜ் நாளுக்கு முக்கால் யூனிற்றிலிருந்து ஒன்றுவரை. அடுப்புக்குப் பக்கத்திலோ மேற்குச் சுவரோடோ வைத்தால் இன்னும் கூடும். பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கதவு ரப்பரில் ஒரு ரூபாய்த்தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் மாற்றவேண்டும். ஐஸ் விரல் தடிப்புக்கு வருமுன் நிற்பாட்டிக் கரைக்கவேண்டும், கத்தியால் குத்தக்கூடாது. குத்தினால் காஸ் போகும். உள்ளிருக்கிற திருகியில் எண் கூடினால் குளிர் கூடும். நடு எண் போதும்.

உறவுக்காரர் சும்மா தருகிற இருபது வருடப் பிரிட்ஜை வாங்குமுன் ஓர் இரவு அதை மட்டும் ஓடவிட்டு மீற்றரைப் பாருங்கள். நாளுக்கு 2 யூனிற் தின்கிற பிரிட்ஜ் இனாமாய் வந்தாலும் விலை கூடியதுதான்.

9. சின்னச் சாமான்கள்

மிக்சிக்கும் போன் சார்ச்சருக்கும் பயப்படாதீர்கள், அவை கணக்கிலேயே வராது. இருபத்துநாலு மணியும் செருகிக்கிடக்கிற டீவிப் பெட்டியைப் பாருங்கள்: 10 வாற் என்றாலும் மாதம் 7 யூனிற். அயர்ன் கிழமைக்கு ஒருமுறை, எல்லா உடுப்பையும் சேர்த்து. கேத்தலில் குடிக்கிற அளவு தண்ணீர் மட்டும். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், வெள்ளைப் படை கட்டும், மாதம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி ஊற்றிக் கொதிக்கவிட்டால் கழரும். சோறு வெந்தபின் குக்கரின் சூடுகாக்கும் விளக்கு எரிந்தபடி கிடக்கவேண்டாம்.

10. ஏ.சி போட்டே ஆகவேண்டும் என்றால்

9000 பி.ரி.யு (குளிர்விக்கும் வலுவின் அளவு) இன்வேற்றர் ஏ.சி ஓர் இரவு எட்டு மணி ஓடினால் 4 தொடக்கம் 6 யூனிற். மாதம் 120க்கு மேல். மற்றதெல்லாம் சேர்ந்து 180 கோட்டையும் தாண்டிவிடும். நோயாளிக்கோ கைக்குழந்தைக்கோ தேவை என்றால் சீலிங் அடித்த, சின்ன, மேற்குச் சுவர் இல்லாத அறையில் போடுங்கள். 26 பாகையில் வைத்து ஃபானை மெல்லச் சுற்றவிடுங்கள். சீலிங் இல்லாத தகரக் கூரைக்குக் கீழே ஏ.சி போட்டால் குளிர்வது தகரம்தான்.

11. சோலர் கடைசியில்

1 கிலோவாற் தகடு சராசரியாய் நாளுக்கு மூன்றரையிலிருந்து 4 யூனிற் தரும், மாரியில் குறையும். மாதம் 70 யூனிற் எரிக்கிற வீட்டுக்கு இது அவசரம் இல்லை. 180ஐத் தாண்டுகிற வீட்டுக்குத்தான் கணக்குச் சரிவரும். விற்க வருகிறவர் உங்கள் ஒரு வருட பில்லைக் கேட்காமலே அளவு சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

பட்டறி இல்லாத, லைனோடு இணைந்த சோலர், கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு அடிக்காமலிருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் நின்றாலும் ஃபான் சுற்றும் என்று நம்பி வாங்கி ஏமாறாதீர்கள். தகடு தெற்கே பார்த்து 10 பாகை சரிவில், கூரையிலிருந்து நாலைந்து அங்குலம் உயர்த்திப் பொருத்தவேண்டும். அந்த இடைவெளியில் காற்று ஓடும், அதன் கீழ் உள்ள கூரையும் நிழலாகும். பக்கத்து வளவுப் பனையின் நிழல் காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் மூன்றுவரை எங்கே விழுகிறது என்று ஒரு நாள் நின்று பார்த்து, கூரையில் சோக்கட்டியால் குறித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வையுங்கள்.